எடையில் வென்ற ரகம் பஞ்சில் வெல்லுமா: பருத்தி ரகங்களை ஒப்பிடும் முறை

ஒரே வயலில் இரண்டு ரகங்கள். முதலாவது எக்டருக்கு 2,500 கிலோ பருத்தி கொடுத்தது, இரண்டாவது 2,350 கிலோ. தராசோடு நின்றுவிட்டால் முதலாவதுதான் மேல். அரைத்துக் கொட்டையைப் பிரித்துப் பார்த்தபோது முதலாவதன் அரவைத் திறன் (பருத்தியின் எடையில் பஞ்சின் பங்கு) 34 சதவீதம், இரண்டாவதன் அரவைத் திறன் 38 சதவீதம். அதாவது பஞ்சாகக் கையில் நின்றது 850 கிலோவும் 893 கிலோவும். தோற்ற ரகம் இங்கே வென்றுவிட்டது. ஆனால் அந்த 43 கிலோ வித்தியாசம் ரகத்தால் வந்ததா, அந்தப் பக்கத்து மண் கொஞ்சம் ஈரம் கூடுதலாகப் பிடித்ததால் வந்ததா என்பது இன்னும் தெரியாது. ரக ஒப்பீட்டில் உள்ள வேலையெல்லாம் இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான்.

இந்தக் கட்டுரையில் 'பருத்தி' என்றால் கொட்டையோடு எடுத்தது, 'பஞ்சு' என்றால் அரைத்தபின் கிடைப்பது. இரண்டையும் 'விளைச்சல்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். விதை விளம்பரத்தில் ஒரு எண்ணைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது அது பருத்தியா பஞ்சா என்பதைத்தான்.

எதை எதோடு நிறுத்துவது

பயிரிடப்படும் பருத்தி இனங்கள் நான்கு: ஹிர்சூட்டம், பார்படென்ஸ், ஆர்போரியம், ஹெர்பேசியம். உலகப் பஞ்சில் பெரும்பங்கு ஹிர்சூட்டம். பார்படென்ஸ் மிக நீண்ட இழை தருவது. வயதும் கூடுதல், அரவை முறையும் வேறு. ஆர்போரியமும் ஹெர்பேசியமும் வறட்சி தாங்கும், பொதுவாக இழை குட்டை. வெவ்வேறு இனங்களை ஒரே பட்டியலில் வைத்து 'எது சிறந்தது' என்று கேட்டால் உருப்படியான விடை வராது. ஒரே இனத்துக்குள், ஏறத்தாழ ஒரே வயதுள்ள ரகங்களை ஒப்பிடுங்கள். 140 நாள் ரகத்தையும் 180 நாள் ரகத்தையும் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு குழுவாகப் பிரித்து விதையுங்கள்.

காய்ப்புழு எதிர்ப்பு மரபணு உள்ள ரகமும் இல்லாத ரகமும் அடுத்தடுத்து நின்றால், புழு வந்த ஆண்டில் நீங்கள் அளப்பது புழுச் சேதத்தைத்தான், விளைதிறனை அல்ல. புழுவைத் தாங்குவது எது என்பதுதான் கேள்வி என்றால் அப்படியே விடலாம். விளைதிறன் தெரிய வேண்டுமென்றால் எல்லா ரகத்துக்கும் முழுப் பாதுகாப்பு கொடுங்கள். எந்தக் கேள்விக்காகத் திடல் (ஒப்பீட்டுச் சோதனை வயல்) போடுகிறோம் என்பதை விதைப்புக்கு முன்பே எழுதி வையுங்கள். அறுவடைக்குப் பின் யோசித்தால், கிடைத்த எண்ணுக்கு ஏற்ற கேள்வியைத்தான் மனம் தேடும்.

ஒப்பு ரகம் ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தப் பகுதியில் பல ஆண்டாக நிலைத்து நிற்கும், அதன் நடத்தை எல்லாருக்கும் தெரிந்த ரகமாக அது இருக்கட்டும். எல்லா இடத்திலும் எல்லா ஆண்டும் அதே ஒப்பு ரகம் இருந்தால்தான் மற்றவற்றை 'ஒப்பு ரகத்தில் இத்தனை சதவீதம்' என்று சொல்ல முடியும்.

விதையின் வயதும் நேர்த்தியும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று அமிலத்தில் பஞ்சு நீக்கிய புது விதை, இன்னொன்று போன ஆண்டின் பஞ்சு ஒட்டிய விதை என்றால் முளைப்பிலேயே போட்டி முடிந்துவிடும். முளைப்புச் சோதனை செய்து, தேவைக்கு மேல் விதைத்து, 3 அல்லது 4 இலைப் பருவத்தில் மிகைச் செடிகளைப் பிடுங்கி எல்லாப் பாத்தியையும் ஒரே இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள்.

திடல்

ஒரு ரகத்துக்கு ஒரு துண்டு நிலம் என்று விதைத்து ஒப்பிடுவது வீண். நிலத்தைக் குறைந்தது மூன்று தொகுதியாகப் பிரியுங்கள், முடிந்தால் நான்கு. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகமும் ஒருமுறை வர வேண்டும். எந்த ரகம் எந்தப் பாத்தியில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், தொகுதிக்கு ஒருமுறை புதிதாக. வரிசை எண்படி நட்டால் முதல் ரகம் எப்போதும் வாய்க்கால் ஓரத்திலேயே நிற்கும்.

தொகுதியைப் பிரிப்பது நிலத்தின் ஏற்றத்தாழ்வைப் பார்த்து. மேட்டில் ஒரு தொகுதி, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று இருக்கட்டும். தொகுதிகளுக்கு இடையே மண் மாறலாம், ஒரு தொகுதிக்குள் மாறக்கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, ஒரு தொகுதியையே மேட்டிலிருந்து பள்ளம் வரை நீட்டிவிடுகிறார்கள். பிறகு தொகுதி பிரித்ததற்கே பயனில்லை.

சிறு பாத்தி என்றால் நான்கு வரிசை, 6 மீட்டர் நீளம் போதும். விளைச்சலுக்கு நடு இரண்டு வரிசையை மட்டும் எடுங்கள். ஓர வரிசைகள் அண்டை ரகத்தோடு வெயிலுக்கும் நீருக்கும் மல்லுக்கட்டுகின்றன. உயரமான ரகத்தின் பக்கத்தில் குட்டை ரகத்தின் ஓர வரிசை நிழலில் வாடும், உயரமானது அந்த வெளிச்சத்தையும் சேர்த்துத் தின்னும். வரிசை இடைவெளி 90 செ.மீ. என்றால் எடுக்கும் பரப்பு 2 × 0.9 × 6 = 10.8 சதுர மீட்டர். எக்டருக்கு மாற்ற 926 ஆல் பெருக்க வேண்டும். அதாவது தராசில் 100 கிராம் பிசகினால் தாளில் எக்டருக்கு 93 கிலோ பிசகும். பையின் எடையைக் கழிக்க மறப்பது, வரிசை நீளத்தை அளக்காமல் காலடியால் கணிப்பது எல்லாம் இந்தப் பெருக்கலில் ஊதிப் பெரிதாகும்.

இயந்திரத்தால் எடுக்கும் இடத்தில் வயல் நீளத்துக்கும் போகும் பட்டைகள் வசதி. பட்டையின் அகலம் எடுக்கும் இயந்திரத்தின் அகலத்துக்கோ அதன் மடங்குக்கோ சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு வரிசை மாறி ஏறினால் இரண்டு ரகம் கலந்துவிடும்.

நிற்கும் பயிரில் குறிக்க வேண்டியவை

செடிகளைக் கலைத்த பிறகு ஒருமுறையும் அறுவடைக்கு முன் ஒருமுறையும் எண்ணுங்கள். முதல் பூ வந்த நாளைக் குறியுங்கள். பூக்கத் தொடங்கியபின் வாரம் ஒருமுறை, உச்சியில் உள்ள முதல் நிலை (காய்க் கிளையில் தண்டை ஒட்டிய இடம்) வெள்ளைப் பூவுக்கு மேல் எத்தனை கணு இருக்கிறது என்று பாத்திக்கு ஐந்து செடியில் எண்ணுங்கள். அது 5 ஆக இறங்கிய நாளில் செடி புதுக் காய்க்கு உணவு அனுப்புவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது என்று பொருள். எந்த ரகம் முந்துகிறது, எது பிந்துகிறது என்பது கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட இந்த எண்ணில் தெளிவாகத் தெரியும். பின்னால் இழை அறிக்கையைப் படிக்கும்போதும் இது கைகொடுக்கும்.

இலையின் ரோமத்தையும் குறியுங்கள். ரோமம் அடர்ந்த இலையைத் தத்துப்பூச்சி அவ்வளவாக விரும்பாது. ஆனால் வெள்ளை ஈக்கு அதுவே வசதி, காய்ந்த இலைத் தூளும் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான இலை உள்ள ரகத்தின் பஞ்சு சுத்தமாக வரும், தத்துப்பூச்சிக்கு மட்டும் கண்காணிப்பு கூடுதல் தேவை. வயலில் தெரியும் இந்த ஒரு குணம் பூச்சிச் செலவிலும் பஞ்சின் தூசியிலும் எதிரெதிராக வேலை செய்கிறது. விளைச்சல் எண்ணில் இது வெளிப்படவே வெளிப்படாது.

மெபிகுவாட் குளோரைடு போன்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தை எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவில் தெளிப்பதா, ரகத்துக்கேற்பவா என்பதில் இரண்டு கருத்து உண்டு. ஒரே அளவு நியாயமாகத் தோன்றும். ஆனால் இயல்பிலேயே குட்டையான ரகம் அந்த அளவில் முடங்கிவிடும். கட்டுக்கடங்காமல் வளரும் ரகம் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மருந்தே தெளிக்காமல் ஒப்பிடுவதுதான் சிறு திடலுக்கு நல்லது.

எடுப்பும் எடையும்

கையால் எடுக்கும்போது மூன்று அல்லது நான்கு எடுப்பு வரும். ஒவ்வொன்றின் எடையையும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் எடுப்பு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் முந்தும் தன்மையின் அளவுகோல். எல்லா ரகத்துக்கும் ஒரே நாளில் கடைசி எடுப்பை முடித்துவிட்டால் பிந்தும் ரகத்துக்கு அநீதி. ஆனால் உங்கள் பகுதியில் அந்த நாளுக்குப் பின் மழையோ பனியோ வருமென்றால், அந்த அநீதிதான் உண்மை நிலவரம். அப்போது அதை அப்படியே பதிவு செய்வதே சரி.

பனி உலர்வதற்கு முன் எடுக்காதீர்கள். ஈரத்தின் கணக்கு இது: ஒரு ரகத்தைக் காலையில் 14 சதவீத ஈரத்தில் எடுத்து, இன்னொன்றை மதியம் 9 சதவீதத்தில் எடுத்தால், இரண்டும் தராசில் 2,500 கிலோ காட்டினாலும் உலர் எடை 2,150 மற்றும் 2,275 கிலோ. கிட்டத்தட்ட 6 சதவீத வேறுபாடு ஈரத்திலேயே ஒளிந்துவிட்டது. பலர் ரகத்துக்கு ரகம் தேடும் வேறுபாடே அவ்வளவுதான். ஒரு தொகுதியை ஒரே மூச்சில் எடுத்து முடியுங்கள். ஆளைப் பிரிக்கும்போதும் தொகுதிவாரியாகப் பிரியுங்கள், ரகவாரியாக அல்ல. ஒருவர் தூய்மையாக எடுப்பார், இன்னொருவர் சருகோடு எடுப்பார். ரகவாரியாகப் பிரித்தால் எடுப்பவரின் கை ரகத்தின் குணமாகப் பதிவாகிவிடும்.

தர ஆய்வுக்கான மாதிரியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். செடியின் நடுப்பகுதியில் முதல் நிலையில் நிற்கும் அழகான 25 காய்களைப் பொறுக்கி எடுத்தால், காய் எடையை ஒப்பிட அது போதும். இழைத் தரத்துக்கு அது பொய் சொல்லும், ஏனென்றால் செடியின் சிறந்த காய்கள் அவைதான். மொத்த விளைச்சலின் தரம் வேண்டுமென்றால் எடுப்புகளின் எடை விகிதத்தில் கலக்க வேண்டும். முதல் எடுப்பு 60, இரண்டாவது 30, மூன்றாவது 10 சதவீதம் என்றால், பாத்திக்கு அரை கிலோ மாதிரியில் 300, 150, 50 கிராம். சொத்தைக் காயின் பருத்தியை ஒரு ரகத்தில் நீக்கினால் எல்லாவற்றிலும் நீக்குங்கள்.

அரவை

அரவைத் திறன் என்பது பஞ்சின் எடையை அரைத்த பருத்தியின் எடையால் வகுத்து நூறால் பெருக்குவது. இங்கே ஒரு சிறு கண்ணி உண்டு. 500 கிராம் பருத்தி உள்ளே போய் 178 கிராம் பஞ்சும் 312 கிராம் கொட்டையும் வந்தால் 10 கிராம் தூசியாகவும் ஈரமாகவும் போயிருக்கிறது. 500 ஆல் வகுத்தால் 35.6, வெளியே வந்த 490 ஆல் வகுத்தால் 36.3. எதை வைத்தாலும் பரவாயில்லை, திடல் முழுக்க ஒன்றையே வையுங்கள்.

மேசை அரவை இயந்திரத்தில் கிடைத்த எண்ணை ஆலையில் கிடைத்த எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஆலையில் தூசி நீக்கும் கட்டங்களும் பஞ்சு துப்புரவு இயந்திரமும் இருக்கின்றன. அவை எடையைக் குறைக்கும், இழையையும் கொஞ்சம் முறிக்கும். மேசை இயந்திரத்தில் அரவைத் திறனும் இழை நீளமும் சற்று உயர்ந்தே தெரியும். அதேபோல உருளை அரவை இழையைக் காப்பாற்றும், ரம்ப அரவை அவ்வளவு காப்பாற்றாது. ஒரு ரகத்தை உருளையிலும் இன்னொன்றை ரம்பத்திலும் அரைத்துவிட்டு நீளத்தை ஒப்பிட்டால், ஒப்பிட்டது இயந்திரங்களைத்தான். இரண்டு மாதிரிக்கு நடுவே இயந்திரத்தைத் துடைத்து, அடுத்த ரகத்தின் ஒரு கைப்பிடியை அரைத்துக் கீழே தள்ளுங்கள்.

அரவைத் திறன் உயர்ந்த ரகத்தைப் பார்த்து உடனே மகிழ வேண்டாம். நூறு கொட்டையை எண்ணி எடை போடுங்கள். அதுதான் விதைக் குறியீடு. அதை அரவைத் திறனால் பெருக்கி, நூறிலிருந்து அரவைத் திறனைக் கழித்த எண்ணால் வகுத்தால் நூறு கொட்டையிலிருந்து வந்த பஞ்சின் எடை, அதாவது பஞ்சுக் குறியீடு கிடைக்கும். நூறு கொட்டை 9 கிராம், அரவைத் திறன் 36 என்றால் 9 × 36 ÷ 64 = 5.06 கிராம். நூறு கொட்டை 7.5 கிராம், அரவைத் திறன் 40 என்றால் 7.5 × 40 ÷ 60 = 5 கிராம். இரண்டாவது ரகத்தில் கொட்டைக்குப் பஞ்சு கூடவில்லை. கொட்டை சிறுத்திருக்கிறது, அவ்வளவுதான். சிறு கொட்டை முளைக்கும்போது வீரியம் குறைவு, அரவையில் உடைந்து தோல் துணுக்குகள் பஞ்சில் கலக்கும் வாய்ப்பும் அதிகம். அரவைத் திறனும் பஞ்சுக் குறியீடும் சேர்ந்து உயர்ந்திருந்தால் அதுவே உண்மையான முன்னேற்றம்.

இழை அறிக்கையைப் படிப்பது

எல்லா மாதிரியையும் ஒரே ஆய்வகத்துக்கு, ஒரே தவணையில், ரகப் பெயர் எழுதாமல் எண் மட்டும் இட்டு அனுப்புங்கள். பாத்திக்கு 100 கிராம் பஞ்சு இருந்தால் நல்லது. ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து வெவ்வேறு எண்ணில் அனுப்பிப் பாருங்கள். அந்த இரண்டுக்கும் வரும் வித்தியாசம்தான் ஆய்வகத்தின் சொந்தச் சிதறல். அதைவிடச் சிறிய வித்தியாசத்தை ரகத்தின் மேல் ஏற்ற முடியாது. எச்.வி.ஐ. கருவியில் (இழையின் குணங்களை வேகமாக அளக்கும் இயந்திரம்) சோதிக்கும் அறை 21 டிகிரி செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதத்தில் இருக்க வேண்டும், மாதிரியும் அந்தக் காற்றில் பதப்பட வேண்டும். உலர்ந்த இழை வலிமை குறைவாகக் காட்டும்.

அடுத்து, அறிக்கை எந்த முறையில் என்று பாருங்கள். எச்.வி.ஐ. முறை, ஐ.சி.சி. முறை என்று இரண்டு புழக்கத்தில் உள்ளன. முதலாவதில் நீளம் என்பது நீளம் கூடிய மேல் பாதி இழைகளின் சராசரி, சீர்மை (இழைகள் நீளத்தில் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது) 80-ஐ ஒட்டி வரும். இரண்டாவதில் 2.5 சதவீத வீச்சு நீளம் (2.5 சதவீத இழைகள் மட்டுமே எட்டும் நீளம்), சீர்மை 40-களில் வரும், வலிமை எண்ணும் தாழ்ந்தே இருக்கும். ஒரு ரகத்துக்கு 47, இன்னொன்றுக்கு 82 என்று சீர்மை கண்டு திகைப்பவர் பார்ப்பது இரண்டு ரகத்தை அல்ல, இரண்டு அளவுகோலை.

எச்.வி.ஐ. முறையில் நீளம் 25 மி.மீ.க்குக் கீழே குட்டை, 28 வரை நடுத்தரம், 32 வரை நீளம், அதற்கு மேல் மிக நீளம். சீர்மை 80 முதல் 82 வரை நடுத்தரம், 83 முதல் நல்லது. வலிமை டெக்ஸுக்கு (ஆயிரம் மீட்டர் இழையின் எடையைக் கிராமில் சொல்லும் அலகு) 26 முதல் 28 கிராம் சராசரி, 29, 30 வலுவானது, 31-க்கு மேல் மிக வலுவானது.

மைக்ரோனேரில்தான் நிதானம் வேண்டும். குறிப்பிட்ட எடைப் பஞ்சை அடைத்து அதனூடே காற்றைச் செலுத்தி அளப்பது அது. பருமனான இழையில் காற்று எளிதாகப் புகும், எண் உயரும். ஆனால் இழை மெலிந்திருப்பதற்குக் காரணம் இரண்டு: ரகமே மெல்லிய இழை உடையதாக இருக்கலாம், அல்லது முதிராமல் சுவர் தடிக்காத இழையாக இருக்கலாம். மைக்ரோனேர் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. முதல் வகை நல்ல மெல்லிய நூலாகும். இரண்டாம் வகை இழை நூலில் முடிச்சாகும், சாயம் பிடிக்காமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். 3.7 முதல் 4.2 வரை சந்தை விரும்பும் இடம். 3.5-க்குக் கீழேயும் 4.9-க்கு மேலேயும் விலையில் கழிவு போடுவது அமெரிக்கத் தரப்பிரிப்பு வழக்கம். 3.3 என்று ஒரு ரகம் வந்தால் முதிர்ச்சி விகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்த ரகம் பிந்தியதா என்று உங்கள் கணுக் கணக்கிலும் பாருங்கள். பிந்திய ரகத்தின் காய் முற்றுமுன் இலை உதிர்த்திருந்தால் குற்றம் தேதியில்தான், ரகத்தில் அல்ல.

பூ மலர்ந்த முதல் மூன்று வாரம் இழை நீளும் காலம், அடுத்த மூன்று வாரத்துக்குமேல் சுவர் தடிக்கும் காலம். முதலாவதில் தண்ணீர் தட்டினால் நீளம் குறையும். இரண்டாவதில் குளிரோ இலையிழப்போ வந்தால் மைக்ரோனேர் விழும். பொதுவாக நீளமும் வலிமையும் அரவைத் திறனும் ரகத்தின் பிடியில் அதிகம் இருக்கின்றன. விளைச்சலும் மைக்ரோனேரும் பருவத்தின் பிடியில் அதிகம். ஆகவே ஒரே ஆண்டுத் திடலில் வலிமை எண்ணை ஓரளவு நம்பலாம், மைக்ரோனேரை அப்படி நம்ப முடியாது. நிறமும் தூசியும் வெடித்த பின் பெய்த மழையையும் எடுத்த கையையும்தான் அதிகம் சொல்லும்.

வித்தியாசம் உண்மையா

நான்கு தொகுதியில் 'அ' ரகம் 2,600, 2,450, 2,720, 2,380 கிலோ, 'ஆ' ரகம் 2,480, 2,410, 2,510, 2,330 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கிலும் 'அ' மேல். வித்தியாசங்கள் 120, 40, 210, 50. சராசரி 105 கிலோ. இந்த நான்கு எண்ணின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 78.5. அதை 4-இன் வர்க்கமூலமான 2 ஆல் வகுத்தால் 39.3. புள்ளியியல் அட்டவணையில் மூன்று விடுமைக் கூறுக்கு (தொகுதி எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 5 சதவீத நிலையில் டி-மதிப்பு 3.182. இரண்டையும் பெருக்கினால் 125. சராசரி வித்தியாசம் 125-ஐத் தாண்டவில்லை. ஆக, நான்கிலும் முந்தியிருந்தாலும் 'அ' மேல் என்று இன்னும் சொல்ல முடியாது. 'இரண்டும் சமம்' என்று நிரூபணமாகிவிட்டது என்றும் இதற்குப் பொருளில்லை. இந்தத் திடலுக்கு அதைப் பிரித்துக்காட்டும் கூர்மை இல்லை.

பல ரகம் இருந்தால் மாறுபாட்டுப் பகுப்பாய்வு (ரகத்தால் வந்த சிதறலையும் மற்றச் சிதறலையும் பிரிக்கும் கணக்கு) செய்து பொதுவான மீச்சிறு வேறுபாட்டைக் கணிக்க வேண்டும். கணினி விரிதாளே செய்துவிடும். ஐந்து ரகம், நான்கு தொகுதி, மாறுபாட்டுக் கெழு (சராசரியின் சதவீதமாகச் சொன்ன சிதறல்) 10 சதவீதம் என்றால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம் சுமார் 15 சதவீதம். ஆறு தொகுதி போட்டால் 12. இதைப் பார்த்தால் தெரியும், ஒரே திடலில் 5 சதவீத முன்னேற்றத்தைத் தேடுவது எவ்வளவு வெட்டி வேலை என்று. தொகுதியைக் கூட்டிக்கொண்டே போவதைவிட அதே உழைப்பை மூன்று இடத்திலும் இரண்டு ஆண்டிலும் பரப்புவது மேல். கெழு 20-ஐத் தாண்டிய திடலின் விளைச்சல் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். இழை நீளத்திலும் வலிமையிலும் சிதறல் மிகக் குறைவு என்பதால் அந்த எண்களை அப்போதும் வைத்துக்கொள்ளலாம்.

எண்களை ஒன்றுசேர்க்கும்போது ஒவ்வொரு இடத்தின் பஞ்சு விளைச்சலையும் ஒப்பு ரகத்தின் சதவீதமாக மாற்றுங்கள். சராசரியை மட்டும் பார்க்காமல் மோசமான இடத்தில் அது எவ்வளவு என்று பாருங்கள். 118, 112, 84 என்று போகும் ரகமும் 106, 104, 104 என்று போகும் ரகமும் சராசரியில் ஏறத்தாழ ஒன்றே. ஒரே வயலை நம்பிப் பிழைப்பவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். தரத்துக்குத் தனி மதிப்பெண் போட்டுக் கூட்டுவதைவிட, வாங்குபவர் ஏற்காத எல்லையை முதலில் வைத்து அதற்கு வெளியே உள்ள ரகத்தை நீக்கிவிட்டு, மீதியைப் பஞ்சு எடையால் வரிசைப்படுத்துவது எளிது. வளைய நூற்பு ஆலைக்குப் போகும் பஞ்சு என்றால் நீளத்திலும் சீர்மையிலும் எல்லையைக் கடுமையாக்குங்கள். ரோட்டர் நூற்புக்கு என்றால் வலிமையிலும் இழையின் மெல்லிய தன்மையிலும்.

தேறிய ரகத்தை முதல் பருவத்தில் முழுப் பரப்பிலும் போட வேண்டாம். கால் பங்கில் விதைத்து, நடுவே பழைய ரகத்தின் பட்டையை இரண்டு மூன்று இடத்தில் விட்டு, அரவைக்குப் போகும்போதும் இரண்டையும் தனிக் குவியலாகவே அனுப்புங்கள்.